பழைய ஹைலக்ஸ் சேஸிஸில் ஒரு காட்டுப்பாதை டிரெய்லர்: முதல்முறை கட்டுபவருக்கு

பழைய ஹைலக்ஸ் பிக்கப்பின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வெட்டி டிரெய்லர் கட்டப் போகிறீர்களா? கிரைண்டரை எடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். டிரெய்லரில் என்னென்ன ஏற்றப் போகிறீர்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எடையைக் குறியுங்கள். 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. 40 லிட்டர் டீசல் ஏறத்தாழ 34 கிலோ. கூடாரம், படுக்கை, அடுப்பு, பாத்திரம், பேட்டரி, குளிர்பெட்டி, உபரிச் சக்கரம், கருவிப்பெட்டி என்று எழுதிக்கொண்டே போனால், ஒரு சிறு குடும்பத்தின் பத்து நாள் பயணத்துக்கே 300 கிலோ எளிதில் சேர்ந்துவிடும். டிரெய்லரின் சொந்த எடை அதற்கு மேல்.

இந்தத் தாளைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் 'எவ்வளவு தடித்த இரும்பு போடலாம்' என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். என் முதல் டிரெய்லரையும் நான் அப்படித்தான் தொடங்கினேன். சரளைப்பாதையில் டிரெய்லரை முறிப்பது பெரும்பாலும் தேவையற்ற எடையும், தவறான இடத்தில் வைத்த எடையும்தான். அந்த எடையைச் சுமக்க இன்னும் தடித்த இரும்பைச் சேர்த்தால் எடை மேலும் கூடும்.

நான் அடிலெய்டில் இருந்துகொண்டு கட்டுவதால் இங்கே சொல்லும் விதிகள் ஆஸ்திரேலியாவுக்கானவை. இரும்பும் எடையும் எங்கும் ஒன்றுதான்.

இரண்டு எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரெய்லரைத் தனியாக நிறுத்தி, முழுச் சுமையோடு எடை போட்டால் கிடைப்பது ஏடிஎம் (Aggregate Trailer Mass). அதைக் காரில் மாட்டிய பிறகு டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடை ஜிடிஎம் (Gross Trailer Mass). இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காரின் கொக்கியில் இறங்கும் பாரம். ஜிடிஎம் 750 கிலோவைத் தாண்டாத ஒற்றை அச்சு டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஓர் அச்சின் இரு சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் அறுந்து விலகினால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். காட்டுப்பாதைக்கென்று கட்டுபவர் 750 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் மின்பிரேக் போட்டுவிடுங்கள். ஈரமான இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் அரை டன் எடை காரின் பின்பக்கத்தைத் திருப்பிவிடும்.

எந்தச் சேஸிஸ்?

காயலான் கடைகளில் (இங்கே அவற்றை ரெக்கர்ஸ் என்பார்கள்) முன்பக்கம் நொறுங்கிய பிக்கப் வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். எஞ்சினும் கேபினும் போயிருந்தாலும் நமக்கு வேண்டிய பின்பாதி முழுதாக இருக்கும். டொயோட்டா ஹைலக்ஸின் பழைய மாடல்களை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஏணி போன்ற தனிச் சேஸிஸ், பின்னால் ஒரே துண்டான அச்சு, பட்டை ஸ்பிரிங், சக்கரத்துக்கு 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட். இதே ஆறு போல்ட் அமைப்பு பல நான்குசக்கர இழுவை வண்டிகளிலும் இருக்கிறது. காரின் சக்கரமும் டிரெய்லரின் சக்கரமும் ஒன்றே என்றால் இரண்டு உபரிச் சக்கரங்கள் மூன்று அச்சுகளுக்கும் பொதுவாகிவிடும்.

இந்த யோசனை புதிதன்று. 1940 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்துக்கு முதல் ஜீப் மாதிரியைக் கட்டிக்கொடுத்தது பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பேண்டம் என்ற சிறிய நிறுவனம். பெரிய உற்பத்தி ஒப்பந்தங்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட, பேண்டம் அந்த ஜீப்புக்கான கால் டன் டிரெய்லர்களைக் கட்டியது. ஜீப்பின் அதே சக்கரம், ஜீப்பின் தடத்திலேயே உருளும் அகலம், ஆற்றில் மிதக்கும் தொட்டி. மணலிலும் சேற்றிலும் கார் அமுக்கிப் போட்ட தடத்தில் டிரெய்லர் போனால் இழுவை பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். அகலம் மாறினால் அது தனக்கென்று புதிதாக இரண்டு தடங்களை உழுதுகொண்டு வரும். ஆகவே டயரின் நடுவிலிருந்து எதிர்ப்பக்க டயரின் நடுவரை அளந்து, உங்கள் காரின் பின்சக்கரங்களோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். 2007க்குப் பிறகு வந்த வி8 எழுபது வரிசை லேண்ட் குரூசரில் முன்தடத்தைவிடப் பின்தடம் குறுகலானது. அந்த வண்டிக்காரர்கள் எந்த அச்சை அளக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சேஸிஸை வாங்கும்போது ஒரு சிறு சுத்தியலைக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடங்களைச் சுற்றியும், அச்சுக்கு மேலே சட்டம் வளைந்தேறும் இடத்திலும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்றிருந்தால் ஒலி மந்தமாக இருக்கும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே இறங்கும். கடற்கரை ஊர் வண்டியை விட்டுவிடுங்கள். அடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவுகள் ஒத்துவராவிட்டால் முன்னால் பட்ட அடி பின்பாதியையும் முறுக்கியிருக்கிறது.

சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிபிஎஸ்ஆர் (PPSR) என்ற தேசியப் பதிவேட்டில் அது திருட்டு வண்டியா, கடன் நிலுவை உள்ளதா என்று பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு, வெட்டுவதற்கு முன்பே, உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் பேசுங்கள். 2018ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரச் சட்டம் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் சுற்றும் அறிவுரைகளில் பல அதற்கு முந்தையவை. கட்டி முடித்த பிறகு பதிவு கிடைக்காமல் வீட்டுமுற்றத்தில் நிற்கும் டிரெய்லர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டுதல்

முதலில் எரிபொருள் தொட்டி, குழாய்கள், பிரேக் குழாய்கள், வயர்கள் எல்லாவற்றையும் கழற்றி அப்புறப்படுத்துங்கள். காலியான தொட்டியில் மிச்சமிருக்கும் ஆவி, நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. தீப்பொறி பறக்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது.

சேஸிஸைச் சமதளத்தில் நான்கு தாங்கிகளின் மேல் வைத்து ரசமட்டம் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் நடுக்கோட்டைச் சுண்ணாம்பு நூலால் அடியுங்கள். இனி எடுக்கப்போகும் எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். முன் ஸ்பிரிங் தாங்கிக்கு முன்னால் குறைந்தது 300 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அதிகம் விட்டால் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

அச்சு

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹைலக்ஸின் பின்னச்சை அப்படியே பயன்படுத்தி, எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலை மட்டும் கழற்றி எறிந்து எடையைக் குறைக்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த வகை அச்சில் சக்கரம் நேராக ஷாஃப்டின் மேல்தான் நிற்கிறது. ஷாஃப்டின் வெளிமுனையை ஒரு பேரிங் தாங்குகிறது, உள்முனையை டிஃபரன்ஷியலின் பற்சக்கரம் தாங்குகிறது. டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டால் உள்முனை அந்தரத்தில் நிற்கும். சக்கரம் ஒரே பேரிங்கில் ஆடும். வைத்துக்கொள்வதானால் முழுதாக, எண்ணெயோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய லேண்ட் குரூசர்கள் சிலவற்றில் உள்ளதுபோல், ஹப்பின் (சக்கரம் மாட்டும் குடத்தின்) இரண்டு பேரிங்குகளும் அச்சுக்குழாயின் மேலேயே அமர்ந்திருந்தால் கதை வேறு. அங்கே ஷாஃப்டையும் டிஃபரன்ஷியலையும் எடுத்துவிட்டு, ஹப்பின் முனையைத் தகடு போட்டு மூடலாம்.

என் பரிந்துரை மூன்றாவது வழி. சேஸிஸையும் ஸ்பிரிங் தாங்கிகளையும் வைத்துக்கொண்டு, பழைய அச்சை விற்றுவிட்டு, டிரெய்லருக்கென்றே செய்யப்பட்ட நேரான புதிய அச்சை ஆறு போல்ட் ஹப்போடும் 10 அங்குல மின்பிரேக்கோடும் வாங்குங்கள். எடை வெகுவாகக் குறையும். பழைய அச்சின் ஹைட்ராலிக் பிரேக்கைக் காரிலிருந்து இயக்குவதற்குப் படும் பாடும் மிச்சமாகும். ஆர்டர் கொடுக்கும்போது ஹப்பின் முகத்திலிருந்து முகம்வரை ஓர் அளவு, ஸ்பிரிங் நடுவிலிருந்து நடுவரை ஓர் அளவு என இரண்டையும் கொடுக்க வேண்டும். இரண்டையும் இரண்டு முறை அளங்கள்.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு சொல். பிக்கப்பின் பின் ஸ்பிரிங் முழு லோடுக்கென்று அடுக்கப்பட்டது. 600 கிலோ டிரெய்லருக்கு அது கல்லைப்போல் கடினம். ஒவ்வொரு குழியிலும் டிரெய்லர் துள்ளும், உள்ளே முட்டை ஒன்றுகூட மிஞ்சாது. அடுக்கிலிருந்து தடித்த கீழ்ப்பட்டையை முதலில் எடுங்கள். லோடு ஏற்றி ஸ்பிரிங் எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்றையும் எடுங்கள். சேஸிஸில் மாட்டும் வளையம் (கண்) உள்ள முதற்பட்டையைத் தொடக்கூடாது. அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்களைப் புதிதாகப் போடுங்கள், ஷாக் அப்சார்பரையும் விட்டுவிடாதீர்கள்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். மூட்டைகளை முன்னால் அடுக்கினால் முன்பாரமாகி மாட்டின் கழுத்தை நுகத்தடி அழுத்தும். பின்னால் அடுக்கினால் பின்பாரமாகி ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். நல்ல வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி ஏற்றுவார். டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். மிகுந்தால் காரின் பின்பக்கம் அமிழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும். உங்கள் காரின் கொக்கி எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் தகட்டிலேயே இருக்கும்.

இதை அச்சின் இடம்தான் முடிவுசெய்கிறது. கொக்கியிலிருந்து அச்சுவரை 3000 மில்லிமீட்டர், மொத்த எடை 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 90 கிலோ இறங்க வேண்டுமானால், சுமையின் எடைமையம் அச்சுக்கு 300 மில்லிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, எடையிலும் பத்தில் ஒரு பங்கு. அச்சு சேஸிஸில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டதால், நீங்கள் நகர்த்தக்கூடியவை பெட்டியும் ஏர்க்காலின் நீளமும் பொருள்களின் இடமும்தான்.

தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். இடம் வசதியாக இருக்கிறதென்று அதை அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் வைத்தால், மேலே சொன்ன டிரெய்லரில் 80 லிட்டரும் தீர்ந்தபின் கொக்கிப் பாரம் 90 கிலோவிலிருந்து 63 கிலோவாக இறங்கிவிடும். பயணத்தின் கடைசி நாள், தார்ச்சாலை, வீடு திரும்பும் அவசரம், வேகம் 100. நெளிவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

அளப்பதற்குக் குளியலறை எடைமானி போதும். கொக்கியின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, எடைமானியின் மேல் நிறுத்தி, டிரெய்லரைச் சமமாக அதில் இறக்குங்கள். மானியின் எல்லையைத் தாண்டும் என்று தோன்றினால் ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல்லிலும் மறுமுனையை மானியிலும் வைத்து, செங்கல் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கொக்கியை இறக்குங்கள். பலகையின் எடையைக் கழித்துவிட்டு, வரும் எண்ணை மூன்றால் பெருக்குங்கள்.

ஏர்க்கால்

டிரெய்லரின் இழுசட்டத்தை நான் ஏர்க்கால் என்றுதான் சொல்கிறேன், வேலை ஒன்றே. முன்னால் கூம்பாகச் சந்திக்கும் இரண்டு செவ்வகக் குழாய்களால் அதைச் செய்கிறோம். ஒரு டன்னுக்கு உட்பட்ட டிரெய்லருக்கு 100க்கு 50 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் தடிமன் என்பது நான் பயன்படுத்தும் அளவு.

என் முதல் டிரெய்லரில் இந்தக் குழாய்களைச் சேஸிஸின் முதல் குறுக்குச் சட்டத்தோடு நிறுத்தி, சுற்றிலும் நன்றாக வெல்டிங் செய்து, பலமாக இருக்கிறதென்று திருப்தி அடைந்தேன். மர்ரீயிலிருந்து மார்லாவரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளும் ஊட்நடாட்டா சரளைப்பாதையில் போனபோது, வழியிலுள்ள வில்லியம் கிரீக் என்ற சிற்றூரில் நிறுத்தி, தேநீர் ஆறும்வரை கீழே குனிந்து பார்த்தேன். இடது குழாயின் அடிப்பக்கத்தில் வெல்டிங்கை ஒட்டி ஒரு மயிரிழைக் கோடு. விரலால் தூசியைத் துடைத்தால் அடியில் புதிய துரு. விரிசல் குழாயின் கால்வாசி உயரம் ஏறியிருந்தது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தார்கள். அன்று அங்கேயே தங்கி, வெல்டிங் இயந்திரம் வைத்திருந்த ஒருவரின் உதவியால் தகடு வைத்து ஒட்டி, சுமையில் பாதியைக் காருக்கு மாற்றி, மெதுவாக வீடு வந்தோம்.

ஏன் அந்த இடத்தில்? கொக்கிக்கும் அச்சுக்கும் நடுவே டிரெய்லர் ஓர் உத்தரம்போல் தொங்குகிறது. அடிப்பக்கம் இழுபடுகிறது. மெலிந்த ஏர்க்கால் விறைத்த சேஸிஸைச் சந்திக்கும் இடத்தில் வளைவெல்லாம் ஒரே கோட்டில் குவிகிறது. சரளைப்பாதையின் அலைமேடுகள் நாள் முழுவதும் அந்தக் கோட்டை ஆயிரக்கணக்கான முறை மடக்கி நிமிர்த்துகின்றன. போதாக்குறைக்கு என் வெல்டிங் குழாயின் அடிப்பக்கத்துக்குக் குறுக்காக ஓடியது.

ஆகவே குழாய்கள் சேஸிஸுக்கு அடியில் நுழைந்து முன் ஸ்பிரிங் தாங்கியைத் தாண்டிப் பின்னால் போகட்டும். முடியும் முனையைச் சரிவாக வெட்டுங்கள். இணைக்கும் தகடுகளைச் சாய்சதுரமாக வெட்டி, வெல்டிங் சாய்வாக ஓடும்படி வையுங்கள். அடிவிளிம்புக்குக் குறுக்கே ஒருபோதும் வெல்டிங் கூடாது. நீளத்தையும் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். காரைத் தொண்ணூறு பாகை மடக்கினாலும் காரின் பம்பர் மூலை பெட்டியைத் தொடக்கூடாது. பம்பரின் பாதி அகலம் 900 மில்லிமீட்டர் என்றால், கொக்கியிலிருந்து பெட்டிவரை குறைந்தது 1200 மில்லிமீட்டர் விடுங்கள். பின்னோக்கி ஓட்டவும் அது எளிது.

வெல்டிங் புதிதென்றால், எல்லாவற்றையும் நீங்களே புள்ளி ஒட்டு ஒட்டி நிறுத்துங்கள். பிறகு ஏர்க்காலையும் ஸ்பிரிங் தாங்கிகளையும் மட்டும் சான்று பெற்ற வெல்டரிடம் விடுங்கள். முழு ஒட்டுக்கு முன், கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் அளவுநாடா பிடித்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிரெய்லர் நண்டுபோல் ஒருக்களித்து வரும். துத்தநாகம் பூசிய இரும்பை ஒட்டுவதானால் பூச்சைத் தேய்த்தெடுத்த பிறகே ஒட்டுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். முழுச் சட்டத்தையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுப்பவர்கள், மூடிய குழாய் ஒவ்வொன்றிலும் காற்றுத் துளை போட்டிருக்க வேண்டும். 450 பாகை செல்சியஸ் குளியலில் அடைபட்ட காற்றும் ஈரமும் குழாயை வெடிக்கவைக்கும், அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

கொக்கிக்கு வருவோம். சாதாரண 50 மில்லிமீட்டர் உருண்டை, சாலைக்கு நல்லது. காரின் ஒரு சக்கரம் மேட்டிலும் டிரெய்லரின் எதிர்ச்சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது அதன் திருகலுக்கு எல்லை உண்டு. முழுவட்டம் சுழலும் காட்டுப்பாதை இணைப்பை வாங்குங்கள். இந்த ஒரு பொருளில் மட்டும் பணத்தைப் பார்க்க வேண்டாம். எடை மதிப்பு பொறிக்கப்பட்ட பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம்.

மற்றவை

விளக்குகளுக்கு எல்இடி போதும். ஏழு முனைச் செருகியில் இங்குள்ள நிற வரிசை: மஞ்சள் இடது திரும்பு விளக்கு, கறுப்பு பின்னோட்டம், வெள்ளை எர்த், பச்சை வலது, நீலம் மின்பிரேக், சிவப்பு நிறுத்த விளக்கு, பழுப்பு பின்விளக்கு. எர்த்துக்குச் சேஸிஸை நம்பாமல் வெள்ளை வயரை ஒவ்வொரு விளக்குக்கும் தனியாகக் கொண்டுபோங்கள். வயர் இரும்பைத் தாண்டும் துளைகளிலெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் அலைமேடுகள் ஒரே நாளில் உறையை அறுத்துவிடும்.

பெட்டிக்குப் பிக்கப்பின் பின்னால் சுமை ஏற்றும் பழைய தொட்டியையே போடலாம், அலுமினியத்தில் புதிதாகவும் செய்யலாம். உயரத்தைக் குறையுங்கள், கதவு விளிம்புகளுக்கு நல்ல ரப்பர் போடுங்கள். ஏர்க்காலின் மேல் சாய்வாக ஒரு வலைத்திரை கட்டுங்கள். காரின் சக்கரம் எறியும் கல் பெட்டியில் பட்டுத் திரும்பித்தான் காரின் பின்கண்ணாடியை உடைக்கிறது.

ஹப் பேரிங்கைப் பொருத்தும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தி, கடையாணியாக ஸ்பிளிட் பின்னைப் போட்டு மடக்குங்கள். ஒரு செட் பேரிங்கும் சீலும் கிரீஸும் எப்போதும் டிரெய்லரில் இருக்கட்டும். நீரோடையைக் கடக்கும் முன் சிறிது நேரம் நிறுத்தி ஹப்பை ஆறவிடுங்கள். சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே சுருங்கும் காற்று தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் ஓட்டத்துக்கு முன் எடைமேடைக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் எழுதிய தாளை அதோடு ஒப்பிடுங்கள். பாதிச் சுமையோடு 30 கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி, ஹப்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. 100 கிலோமீட்டரில் சக்கர நட், யூ போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகு முழுச் சுமையோடு ஒரு வாரக்கடைசி. ஏர்க்கால் சேஸிஸில் சேரும் இடத்துக்கு வெளிர் நிறம் பூசியிருந்தால் விரிசல் உடனே கண்ணில் படும். ஒவ்வொரு நாள் மாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊட்நடாட்டா, பேர்ட்ஸ்வில் பாதைகளுக்கு இந்த டிரெய்லர் தாராளமாகப் போகும். சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்காகக் கடக்கும் நாளில் மட்டும் அதை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. இழுத்துக்கொண்டு ஏறும் ஒவ்வொரு வண்டியும் பின்னால் வருபவர்களுக்குப் பாதையைக் குழியாக்கிவிட்டுப் போகிறது.